மேல்பூச்சு

தூத்துக்குடியில் பஸ் ஏறி திருச்செந்தூர் பக்கம் போனால், பழையகாயல், முக்காணி தாண்டி தாமிரபரணிப் பாலம் வரும். பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வெற்றிலை என்றால் பாக்கு. பாக்கு என்றால் சுண்ணாம்பு. இந்த வாரம் நாம் பிடித்துக்கொள்ளப் போவது அந்தச் சுண்ணாம்பை. இன்னும் சரியாகச் சொன்னால், ஒன்றைக் காப்பாற்ற அதன்மேல் இன்னொன்றைப் பூசிவிடும் மனிதப் பழக்கத்தை.

சுமார் 1292 வாக்கில் இந்தக் கரைக்கு ஒரு வெனிஸ்காரர் வந்துபோனார். மார்க்கோபோலோ. அவர் ‘காயல்’ என்று எழுதிவைத்த துறைமுகம் இதே பழையகாயல்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடையாளம் காட்டியவர் கால்டுவெல். முத்து, குதிரை வியாபாரம் என்று காயலைப் பற்றி நிறையச் சொல்லும் மார்க்கோபோலோ, ஊர்க்காரர்கள் ஓர் இலையைச் சுண்ணாம்பும் வாசனைப் பொருட்களும் சேர்த்து எந்நேரமும் மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். அது ஆத்தூர்க் கொடிக்கால் வெற்றிலைதான் என்று ஆத்தூர்க்காரர்கள் சொன்னால் மறுக்க ஆளில்லை!

அதே மனிதர் கப்பல்களையும் கூர்ந்து கவனித்திருக்கிறார். சீனத்திலிருந்து இந்தியாவுக்கு வந்துபோன பெரிய மரக்கப்பல்களுக்கு ஐரோப்பாவில் பூசுவதுபோலக் கீல் பூசுவதில்லையாம். சுண்ணாம்பையும் பொடியாக நறுக்கிய சணலையும் ஒரு மரத்து எண்ணெயில் போட்டு இடித்து, பசை மாதிரி ஆக்கி, அதைத்தான் பூசுவார்களாம். வாய்க்குப் போனால் தாம்பூலம், கப்பலுக்குப் போனால் கவசம்.

ஏன் சுண்ணாம்பு? கடலில் மிதக்கும் மரத்துக்குப் பகை தண்ணீர் மட்டும் அல்ல. மரத்தைத் துளைத்துக் குடியேறும் கப்பல் புழு ஒன்று இருக்கிறது. பார்க்க மண்புழு மாதிரி இருக்கும், உண்மையில் சிப்பி இனம். பலகையைச் சல்லடையாக்கிவிடும். அதன் வாயில் காரமான, கெட்டியான ஒரு படலத்தை வைப்பதுதான் உபாயம். அரபிக்கடல் முழுக்க மரக்கலம் கட்டியவர்கள் சுண்ணாம்பையும் மீன் எண்ணெயையும் கொழுப்பையும் ஏதாவது ஒரு விகிதத்தில் குழைத்துக் கலத்தின் அடியில் தடவினார்கள்.

சரி, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். சிப்பி, சங்கு, பவளப்பாறை எல்லாமே அடிப்படையில் ஒரே சரக்கு. சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு ஆகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் அடித்துவிட்டால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடி பழைய கல்லாகவே இறுகிவிடும். அதாவது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்றால் வீட்டுக்கு ஒரு சிப்பி ஓட்டை மாட்டிவிடுகிறோம் என்று அர்த்தம். மொட்டை மாடியில் அடித்த சுண்ணாம்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே படுப்பவனுக்கு ஓரளவாவது தூக்கம் வரும்.

அதற்கு ஆன செலவைக் கேட்டால்தான் தூக்கம் கெடும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி தொடங்கி பாம்பன் வரை 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பாறை என்பது தீவைச் சுற்றிக் கடல் கட்டிவைத்த மதில். மதில் போனதும் அலை உள்ளே வந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது, முப்பது வருஷத்துக்குள் இரண்டு மூன்று ஹெக்டேராகச் சுருங்கிப்போய், 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்த்தார்கள். வளைகுடா 1986இல் தேசியப் பூங்கா ஆனது. பவளத்தைத் தொடக்கூடாது என்று வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் சேர்த்தார்கள். அதற்குள் கரையில் எத்தனை சுவர்கள் வெள்ளையாகியிருக்கும்!

வேலைக்கு ஆகாதவரை ‘அவன் சும்மா மேல்பூச்சு’ என்று நாம் ஒதுக்குகிறோம். ஆனால் மேல்பூச்சின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு சங்கதி தெரிகிறது. பூச்சு அழிவை நிறுத்துவதே இல்லை. அழிவை அந்த இடத்திலிருந்து கிளப்பி, வேறு ஒரு தலையில் கட்டுகிறது. யார் தலையில் என்பதுதான் கேள்வி.

* * *

மரத்துக்குப் புழு என்றால் இரும்புக்கு உப்பு.

தாமிரபரணிக் கரைக்கு இரும்பு புதிசு இல்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு வாள்களும் ஈட்டிகளும் உலகப் பிரசித்தம். பக்கத்திலேயே சிவகளையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை காலம் போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. கிடைத்த இரும்பெல்லாம் எப்படி இருந்தது? துருவாக இருந்தது. வேறெப்படி இருக்கும்?

இரும்பு பூமியில் இரும்பாகக் கிடைப்பதில்லை. ஆக்ஸிஜனோடு கட்டிப்புரண்டு செம்மண் நிறத்தில் தாதுவாகத்தான் கிடைக்கிறது. உலையில் கரியைக் கொட்டி, ஊதி ஊதி, வலுக்கட்டாயமாக இருவரையும் பிரிக்கிறோம். பிரிந்த நாளிலிருந்து இரும்புக்கு ஒரே யோசனைதான். எப்போது வீட்டுக்குத் திரும்பலாம்? தண்ணீரும் காற்றும் கிடைத்தால் போதும், ஆக்ஸிஜனோடு மறுபடி சேர்ந்துவிடும். அதற்குப் பெயர்தான் துரு.

உப்பு இந்தக் கல்யாணத்துக்குப் புரோக்கர். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓட வழி பண்ணும். இரும்பின்மேல் தானாக உண்டாகும் மெல்லிய படலத்தையும் குளோரைடு பிய்த்துப்போடும். ஆத்தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஆறுமுகநேரியில் ஆரம்பித்து தூத்துக்குடி தாண்டியும் நீளும் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்தக் கரை. இங்கே வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருஷத்தில் முறுக்குப் போலப் பொரிந்துவிடுகிறது என்றால் ஆச்சரியமில்லை.

இப்போது லண்டனுக்கு ஒரு நடை போய்வருவோம். பிரிட்டிஷ் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடியில் புழுவுக்குப் பயந்து செப்புத் தகடு அடித்திருந்தது. கடல்நீரில் செம்பும் கரைந்துகொண்டே வந்தது. தகடு மாற்றி மாற்றிக் கஜானா காலி. 1823இல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியிடம் பிரச்னை வந்தது. டேவி பெரிய மூளைக்காரர். செப்போடு சின்னச் சின்னத் துத்தநாகத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ சேர்த்து அடியுங்கள் என்றார். இரண்டு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால், எது சீக்கிரம் கரையக்கூடியதோ அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். 1824இல் கப்பல்களில் செய்து பார்த்தார்கள். அற்புதம்! செம்பு ஒரு துளி கரையவில்லை.

ஆனால் கப்பல்கள் ஆமை வேகத்தில் நகர ஆரம்பித்தன. இழுத்துக் கரையேற்றிப் பார்த்தால், அடிப்பாகம் முழுக்கக் கொட்டலசும் பாசியும்! கரைகிற செம்பு கடல் ஜீவன்களுக்கு விஷம். அந்த விஷம்தான் அத்தனை நாளும் கப்பலைச் சுத்தமாக வைத்திருந்தது. செம்பைக் காப்பாற்றியதும் விஷம் நின்றது. விஷம் நின்றதும் குடியேற்றம் தொடங்கியது. இரண்டொரு வருஷத்தில் கடற்படை அந்த ஏற்பாட்டையே தூக்கிப்போட்டது.

டேவியின் தத்துவம் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1837இல் பிரான்சில் ஸொரெல் என்பவர், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் தெருவில் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஷீட் என்கிறோமே, அதே சமாச்சாரம். கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் அழியும், இரும்பு அப்புறம்தான். இன்றைக்கும் இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திவைக்கிறார்கள். சாவதற்கென்றே வேலைக்கு எடுக்கப்பட்ட உலோகம்.

* * *

பக்கெட்டையும் பைப்பையும் தொட்டியில் முக்கலாம். ஒரு பாலத்தை எந்தத் தொட்டியில் முக்குவது?

அதற்கு விடை ‘ஸ்ப்ரே’. 1893இல் விவேகானந்தர் பேசப்போன சிகாகோ நினைவிருக்கிறதல்லவா? அந்தச் சர்வசமய மாநாடு, ஒரு பிரமாண்டமான உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்தது. கண்காட்சிக் கட்டடங்கள் எல்லாம் வெள்ளை வெளேர். ‘வெள்ளை நகரம்’ என்றே பெயர். திறப்பு விழா நெருங்குகிறது, தூரிகை வைத்துக்கொண்டு மாரடித்தால் ஆகாது என்று, அழுத்தப்பட்ட காற்றால் பெயிண்டைப் பீய்ச்சி அடித்தார்கள். பீய்ச்சு பூச்சு உலகத்தின் கண்ணில் பெரிய அளவில் பட்டது அங்கேதான்.

பெயிண்டைப் பீய்ச்சலாம். உலோகத்தை? சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் ஷூப் என்று ஒரு பொறியாளர். தன் பையன்கள் பொம்மைத் துப்பாக்கியால் ஈயக் குண்டுகளைத் தோட்டத்துச் சுவரில் சுட்டு விளையாடுவதைப் பார்த்தாராம். குண்டு நசுங்கிச் சுவரில் அப்பிக்கொள்கிறது. பொறி தட்டியது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1910ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் உலோகக் கம்பியைத் தீச்சுடரில் உருக்கி, காற்றால் தூளாக்கி, இன்னொரு உலோகத்தின்மேல் அடிக்கும் துப்பாக்கியைச் செய்துவிட்டார். சின்னச் சின்னத் துளிகள் வேகமாய் வந்து மோதித் தட்டையாகி, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். பட்டறை பாஷையில் ‘மெட்டலைசிங்’. தொட்டியைத் தேடி இரும்பு போக வேண்டாம். இரும்பைத் தேடித் துத்தநாகம் வரும்.

இது எவ்வளவு நாள் தாங்கும்? அமெரிக்க வெல்டிங் சங்கம் 1950களில் அலுமினியமும் துத்தநாகமும் அடித்த இரும்புத் தகடுகளைக் கடலிலும் கடற்கரையிலும் போட்டுவிட்டுக் காத்திருந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்தொன்பது வருஷம். 1974இல் வந்த அறிக்கையில், நுண்துளைகளை அடைத்துச் சரியாகப் பூசிய அலுமினியத்துக்கு அடியில் இரும்பு முழுசாக இருந்தது. ‘சரியாக’ என்ற வார்த்தையில்தான் சூட்சுமமே இருக்கிறது. பழைய துருவையும் உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுத்தமாகச் சுரண்டாமல் அடித்த பூச்சு, புண்ணைக் கழுவாமல் போட்ட பிளாஸ்திரி. மேலே பளபளப்பு, உள்ளே சீழ்.

* * *

பீய்ச்சுகிற துப்பாக்கி உப்போடு நிற்கவில்லை. வெப்பத்தின் பக்கமும் திரும்பியது. அங்கேதான் இந்த வரலாற்றின் கறுப்புப் பக்கம்.

கொதிகலன், நீராவிக் குழாய், கப்பலின் இன்ஜின் அறை எல்லாவற்றுக்கும் சூடு வெளியேறாமல் போர்வை வேண்டும். தீப்பிடித்தால் இரும்புச் சட்டம் வளையாமல் இருக்கவும் போர்வை வேண்டும். 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் இழையைத் தண்ணீரோடும் சிமெண்டோடும் சேர்த்துப் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘லிம்பெட்’. பாறையில் ஒட்டிக்கொண்டு, என்ன செய்தாலும் விடாத ஒரு கடல் நத்தையின் பெயர். பொருத்தமான பெயர்தான். சுவரில் ஒட்டியதைவிடக் கெட்டியாக மனிதன் நுரையீரலில் ஒட்டிக்கொண்டது அது.

ஆஸ்பெஸ்டாஸை நம்மவர்கள் ‘கல்நார்’ என்றார்கள். கல்லாகவும் இருக்கும், நாராகவும் இருக்கும். தீ தின்னாது. மூச்சில் போன இழையை உடம்பும் தின்ன முடியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து நோயாக வரும். நியூயார்க் டாக்டர் இர்விங் செலிகாஃப் 1960களில் காப்புப் பூச்சு வேலை செய்த தொழிலாளர்களை ஆராய்ந்து, அவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் எந்த அளவுக்கு மிகுந்திருக்கிறது என்று எடுத்துவைத்தார். அந்த நேரத்தில் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வடக்குக் கோபுரத்தில் நாற்பது மாடி வரை ஆஸ்பெஸ்டாஸ் கலவையைப் பீய்ச்சிக்கொண்டே போனவர்கள், 1970இல் பாதியில் நிறுத்தி, மேல் மாடிகளுக்கு வேறு கலவைக்கு மாறினார்கள். 1973இல் அமெரிக்கா கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பீய்ச்சுவதைத் தடை செய்தது.

கெட்ட பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. அடித்தவனோடு போகாது, உரிப்பவனையும் பிடிக்கும். 2006இல் கிளமென்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் உடைபடுவதற்காகக் குஜராத்தின் ஆலங்குக்கு வந்துகொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? உள்ளே டன் கணக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்று உலகம் முழுக்கக் கூச்சல். சுப்ரீம் கோர்ட் வரை விவகாரம் போய், கடைசியில் பிரெஞ்சு ஜனாதிபதி சிராக்கே கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டார். அது ஒரு கப்பல். கூச்சல் இல்லாமல் வந்து உடைபட்ட கப்பல்கள் எத்தனை! அந்தக் கப்பல்களின் போர்வையை வெறுங்கையால் உரித்தவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய அடிப்படை உரிமை என்று 1995 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது.

* * *

இன்னொரு நுரைப் பூச்சின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூச்சின் கதை என்று நாம் அதை நினைப்பதில்லை.

அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டிலோடு காவி நிறத்தில் ராட்சத சிலிண்டர் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்குமே, அது எரிபொருள் தொட்டி. கிட்டத்தட்ட 47 மீட்டர் உயரம். உள்ளே மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்ஸிஜனும். ஃப்ளோரிடா கடற்கரையின் ஈரக் காற்று அந்தத் தொட்டியில் பட்டால் பாளம் பாளமாக ஐஸ் கட்டும். கிளம்புகிற வேகத்தில் ஐஸ் உதிர்ந்து விண்கலத்தின் வெப்பக் கவசத்தில் விழுந்தால் கவசம் உடையும். அதைத் தடுக்கத்தான் தொட்டி முழுக்கச் சுமார் ஓர் அங்குலத்துக்கு நுரையைப் பீய்ச்சினார்கள். காவி நிறம் அந்த நுரையின் நிறம். முதல் இரண்டு பயணங்களில் மேலே வெள்ளை பெயிண்டும் அடித்தார்கள். பெயிண்ட் மட்டுமே 270 கிலோ இருக்கிறதே, எதற்கு வீண் சுமை என்று அப்புறம் விட்டுவிட்டார்கள்.

2003 ஜனவரி 16. கொலம்பியா கிளம்பி 82 வினாடி. தொட்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு துண்டு நுரை பெயர்ந்தது. முக்கால் கிலோ இருக்கும். அந்தப் பகுதியில் நுரையைக் கையால் பீய்ச்சி, கையால் செதுக்கி வடிவம் கொடுத்திருந்தார்கள். அது மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இடது இறக்கையின் விளிம்பில் மோதியது. நுரை உதிர்வது புதிதல்ல. முந்தைய பல பயணங்களிலும் உதிர்ந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இந்தத் தடவையும் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டார்கள். இறக்கையைப் படமெடுத்துப் பார்த்துவிடலாம் என்று சில பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடத்தில் எடுபடவில்லை. பிப்ரவரி 1ஆம் தேதி, தரையிறங்கப் பதினாறு நிமிஷம் இருக்கும்போது, இறக்கை ஓட்டையில் நெருப்புக் காற்று புகுந்தது. கல்பனா சாவ்லாவும் உடன் இருந்த ஆறு பேரும் டெக்சாஸ் வானத்தில் போய்விட்டார்கள்.

ஐஸ் விழுந்து கவசம் உடையக்கூடாது என்று போட்ட பூச்சு. அந்தப் பூச்சே விழுந்து கவசத்தை உடைத்தது! பீய்ச்சியவர் கை தவறியது என்று மட்டும் விசாரணைக் குழு சொல்லவில்லை. உதிர்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன நிர்வாகத்தையும் சேர்த்தே குற்றம் சொன்னது.

* * *

கரைக்குத் திரும்பிவிடுவோம்.

ஒரு காலத்தில் கொழும்புக்குப் போகும் போட்மெயில் பயணிகள் தூத்துக்குடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறினார்கள். 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் அந்த மரியாதை தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. தூத்துக்குடியிடமிருந்து கப்பலைப் பறித்த பாலத்தைக் கடல் சும்மா விடுமா? 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தது. இளம் பொறியாளர் ஸ்ரீதரன், பிற்பாடு டெல்லி மெட்ரோவைக் கட்டியவர்தான், 46 நாளில் அதைத் தூக்கி நிறுத்தினார். புயல் ஒரு நாள் சங்கதி. உப்போ தினசரி சங்கதி. சுரண்டு, பூசு, மறுபடி சுரண்டு, மறுபடி பூசு என்று ஒரு நூற்றாண்டு ஓடியது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்தது. அதன் இரும்புக்குத் துத்தநாகத்தைப் பீய்ச்சி, மேலே பாலிசிலோக்சேன் என்ற பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். 35 வருஷம் தாங்கும் என்பது ரயில்வே சொல்லும் கணக்கு. டேவியும் ஷூப்பும் அந்தப் பாலத்தில் சேர்ந்தே நிற்கிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நம்மூரிலேயே போடப்படுகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடி துறைமுகப் பகுதியிலும் கிளைகள் உண்டு. தகடுகளை உப்புக்காற்றில் தொங்கவிட்டு, வருஷத்துக்கு எத்தனை மைக்ரான் போனது என்று அளந்துகொண்டே இருப்பது அவர்கள் உத்தியோகம். அலட்டல் இல்லாத, அவசியமான உத்தியோகம்.

தூத்துக்குடிக்கு 1970களில் உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, அனல் மின்நிலையம் என்று வரிசையாக வந்தன. இது மாதிரி ஆலைகளில் சூடான குழாய்களுக்குக் கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்துவது வழக்கம். சூடு தங்கும். கூடவே ஒரு வில்லங்கமும் தங்கும். தகட்டின் இடுக்கில் உப்புத் தண்ணீர் ஒரு தடவை இறங்கிவிட்டால் கம்பளி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே குழாயின் சூடு, சுமார் 50 முதல் 175 டிகிரி வரை, துருவுக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்ததுபோல. வெளியே பார்த்தால் தகடு புதுசாக மின்னும், உள்ளே குழாய் காகிதமாக மெலிந்திருக்கும். போர்வைக்குள் நடக்கும் துரு என்பது உலகம் முழுக்க ரசாயன ஆலைகளுக்குத் தலைவலி.

அதற்கு மருந்தாக வந்தவைதான் பீய்ச்சி அடிக்கும் வெப்பக் காப்புப் பூச்சுகள். பெயிண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத உள்ளீடற்ற கண்ணாடி, செராமிக் உருண்டைகள். சிலவற்றில் ஏரோஜெல் துகள்கள். உருண்டைக்குள் அடைபட்ட இடம் சூட்டைக் கடத்தாது. இரும்போடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் தேங்க இடுக்கு கிடையாது. துரு வந்தாலும் மறைந்து வராது, மேலே தெரிந்துவிடும். தொட்டால் கை சுடாது. எல்லாம் வாஸ்தவம்.

ஆனால் விற்பவர் சொல்லும் கணக்கை அப்படியே முழுங்கக்கூடாது. இரண்டு மில்லிமீட்டர் பூச்சு, ஐம்பது மில்லிமீட்டர் கம்பளியின் வேலையைச் செய்யாது. சூட்டைத் தடுப்பதில் கனத்துக்கு ஈடு கனம்தான். வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளை நிறமே பாதி வேலையைச் செய்துவிடும், அதற்கு விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். சுவரில் அடித்தால் போதும், கட்டடக் கம்பளிக்குச் சமம் என்று கூசாமல் விளம்பரம் செய்த நான்கு பெயிண்ட் கம்பெனிகள்மேல் 2020இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்கே போட்டது. நம்மூரில் மொட்டை மாடிக்குக் ‘கூலிங் பெயிண்ட்’ அடிக்க வருகிறவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. எத்தனை மில்லிமீட்டர்? அடிக்கும் முன் எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? புழுதி படிந்து நிறம் மங்கினால் என்ன ஆகும்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அடிக்கிறவர் மூக்கில் என்ன கட்டியிருக்கிறார்?

பூச்சு பிடிக்க வேண்டுமானால் முதலில் இரும்பை மணல் அடித்துச் சுரண்ட வேண்டும். மணல் தூள் நுரையீரலைக் கல்லாக்கும் என்பதால் பிரிட்டன் 1949 விதிகளின்படியே வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்ய மணல் அடிப்பதை நிறுத்தியது. நல்ல பாலிமர் பூச்சுகள் பலவற்றில், பீய்ச்சும்போது ஆஸ்துமாவைக் கொண்டுவரும் ரசாயனங்கள் உண்டு. உலோகத்தை உருக்கி அடித்தால் துத்தநாகப் புகை, ராத்திரி குளிர்ஜுரம் மாதிரி உதறும். இவை எல்லாவற்றுக்கும் தடுப்பு உண்டு. காற்றுக்குழாய் பொருத்திய முகமூடி, கண்ணாடி, மணலுக்குப் பதில் இரும்புக் குருணை. செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்க, ஒரு துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு சாரத்தில் ஏறிவிடுகிறார் தினக்கூலிக்கு வந்த பையன். 35 வருஷம் தாங்கும் என்று பூச்சுக்கு உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள். அடிக்கிற பையனுக்கு எத்தனை வருஷம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

சுண்ணாம்புக்காகப் பவளம் போனது. சூட்டுக்காகத் தொழிலாளி போனான். துத்தநாகத்தை மட்டும்தான், தெரிந்தே, கணக்குப் பார்த்தே, போகட்டும் என்று அனுப்பினோம். உலோகம் போனால் இன்னொரு தடவை பீய்ச்சிக்கொள்ளலாம். டெண்டர் எழுதுகிறவர்கள் மைக்ரான் கணக்குக்குக் கீழே முகமூடிக்கும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். மேல்பூச்சு என்று அதையாவது ஒதுக்காமல் இருந்தால் சரி.